அறிவுசார் சொத்துரிமை என்று சொல்லி உங்கள் கேம் படைப்பை நிராகரித்துவிட்டார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோப்லாக்ஸ், ஃபோர்ட்நைட், ஸ்டீம் ஒர்க்‌ஷாப் போன்ற விளையாட்டுத் தளங்களில் சட்டை, தொப்பி, மேப், ஸ்கின் (பொருளின் மேல்தோற்றம்), ஒலி என்று சொந்தமாகச் செய்து ஏற்றுபவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் அந்த ஒற்றை வரியைப் பார்க்கிறார்கள்: அறிவுசார் சொத்துரிமை மீறல், நிராகரிக்கப்பட்டது. எந்தப் பகுதி தவறு, யாருடைய உரிமை, எதை மாற்றினால் சரியாகும் என்று எதுவும் அதில் இருக்காது. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு, அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அது மனதை உடைக்கிற வரி. இங்கே உதாரணங்கள் பெரும்பாலும் ரோப்லாக்ஸிலிருந்து வருகின்றன. மற்ற தளங்களிலும் அடிப்படை இதுதான்.

நிராகரிப்பு வந்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

மறுத்தது யார் என்று பாருங்கள். மூன்று வாய்ப்புகள் உண்டு. ஒன்று, நீங்கள் ஏற்றிய படத்தையோ ஒலியையோ ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கி மென்பொருள். இரண்டு, ஏற்றப்படுபவற்றைச் சரிபார்க்கும் தளத்தின் மாடரேஷன் குழுவில் இருக்கும் ஒரு மனிதர். மூன்று, வெளியிலிருந்து வந்த உரிமையாளர், அல்லது அவர் சார்பாகப் புகார் அனுப்பிய நிறுவனம்.

இதைக் கண்டுபிடிக்கச் செய்தியை நிதானமாகப் படித்தால் போதும். ஏற்றிய சில நிமிடங்களிலேயே மறுப்பு வந்தால் பெரும்பாலும் மென்பொருள். புகார் கொடுத்தவர் பெயர், டி.எம்.சி.ஏ. (அமெரிக்காவின் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று) என்ற எழுத்துகள், எதிர் அறிவிப்பு அனுப்பலாம் என்ற குறிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் வெளியிலிருந்து சட்டப்படி புகார் வந்திருக்கிறது என்று பொருள். இவை எதுவும் இல்லாமல் தளத்தின் விதிகளை மட்டும் சுட்டியிருந்தால் அது தளத்தின் சொந்த முடிவு.

இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் அப்பீல்தான் பெரும்பாலும் வீணாகிறது. தளத்தின் முடிவுக்கு அப்பீல் பொத்தான் இருக்கிறது. வெளியார் புகாருக்கு அது பயன்படாது, அதற்கு வேறு வழி. பின்னால் அதைச் சொல்கிறேன்.

முழுக்க நானே வரைந்தது. அதை எப்படி நிராகரிக்கலாம்?

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ‘நானே வரைந்தேன்’ என்பதும் ‘இதில் வேறொருவர் உரிமை இல்லை’ என்பதும் ஒன்றல்ல. பிக்காச்சுவை ஒரு கோடு விடாமல் உங்கள் கையாலேயே வரைந்தாலும் பாத்திரத்தின் உரிமை உங்களுக்கு வராது.

உண்மையிலேயே சொந்தப் படைப்பு என்றால் சில காரணங்களைத் தேடிப் பாருங்கள். படத்தைச் சிறிதாக்கி அதிலிருந்து ஒரு கைரேகை மாதிரி எண் தொடரை எடுத்து ஒப்பிடுவதுதான் இந்த மென்பொருள்களின் வழக்கமான வேலை முறை. அது வடிவத்தையும் ஒளி நிழலையும் பார்க்கும், யார் வரைந்தார்கள் என்று பார்க்காது. உங்கள் சட்டையை யாராவது திருடி முன்பே ஏற்றி, அது நீக்கப்பட்டிருந்தால், இப்போது உங்கள் அசலே அந்த நீக்கப்பட்ட படத்தோடு பொருந்திப் போகலாம். ரோப்லாக்ஸின் பொருள் கிடங்கான டூல்பாக்ஸிலிருந்து எடுத்த இலவச மாடலுக்குள் வேறொருவரின் டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் படம்) ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

உடைகளில் கோடுகளும் கட்டங்களும் தனியாகப் பார்க்க வேண்டியவை. கையில் மூன்று இணைகோடு போட்டால் அடிடாஸ் நினைவுக்கு வரும். அந்த நிறுவனம் கோடுகளுக்காக நீதிமன்றம் வரை போகிறது: தாம் பிரவுன் என்ற ஆடை நிறுவனத்தின் நான்கு கோடுகளை எதிர்த்து அது தொடுத்த வழக்கில், 2023 ஜனவரியில் நியூயார்க் ஜூரி தாம் பிரவுன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கே சாட்சி, ஆதாரம், வாதம் எல்லாம் நடந்தன. உங்கள் சட்டையைப் பார்க்கும் மாடரேட்டருக்கு அந்த நேரம் கிடையாது. அவர் மூன்று கோட்டைப் பார்த்ததும் மறுத்துவிடுவார். இரண்டாகவோ ஐந்தாகவோ மாற்றிவிடுங்கள். இதில் கொள்கைப் போராட்டம் நடத்தி ஆவது ஒன்றுமில்லை.

யாருடைய லோகோவும் இல்லை. முதலுதவிப் பெட்டியில் ஒரு சிவப்புச் சிலுவை மட்டும்தான் போட்டேன்.

அதுதான் காரணமாக இருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது பொதுவான மருத்துவக் குறி என்று நாம் எல்லோரும் நினைத்து வளர்ந்திருக்கிறோம். உண்மையில் அது ஜெனீவா உடன்படிக்கைகளின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம். போர்க்களத்தில் மருத்துவப் பணியாளர்களைச் சுடக்கூடாது என்று காட்டுவதற்கானது. இந்தியாவிலும் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது.

பிரிசன் ஆர்கிடெக்ட் என்ற விளையாட்டைச் செய்த பிரிட்டிஷ் நிறுவனம் இன்ட்ரோவெர்ஷனுக்கு இதே சிக்கல் வந்தது. ஆம்புலன்ஸ் மேலும் மருத்துவர் பை மேலும் சில பிக்சல் அளவில் இருந்த சிவப்புச் சிலுவைக்காக பிரிட்டிஷ் ரெட் கிராஸ் அவர்களைத் தொடர்புகொண்டது. அவர்கள் நிறத்தைப் பச்சையாக மாற்றினார்கள். நீங்களும் பச்சையில் வெள்ளைச் சிலுவை போடலாம், உலகம் முழுக்க முதலுதவிக்குப் பயன்படும் குறி அதுதான். சிவப்பில் வெள்ளை மட்டும் வேண்டாம், அது சுவிட்சர்லாந்து கொடி.

இதே மாதிரிச் சட்டை, இதே மாதிரி மேப் நூறு கிடக்கிறது. என்னுடையது மட்டும் ஏன்?

மற்றவை பழைய விதியின் கீழ் ஏறியிருக்கலாம், உரிமம் வாங்கியிருக்கலாம், இன்னும் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் கேரிஸ் மாட் என்ற விளையாட்டுக்காக ஆட்கள் செய்த நின்டெண்டோ பாத்திரங்கள் பல ஆண்டுகள் அப்படியே இருந்தன. 2024 ஏப்ரலில் நின்டெண்டோ கேட்டுக்கொண்டதும் நீக்கம் தொடங்கியது. இத்தனை நாள் இருந்தது என்பது அனுமதியாக எண்ணப்படவே இல்லை.

அப்பீலில் இந்த வாதத்தை எழுதாதீர்கள். ‘அவனும் செய்கிறான்’ என்று எழுதினால் இரண்டையும் நீக்குவார்களே தவிர உங்களுடையதைத் திருப்பித் தர மாட்டார்கள்.

இது ரசிகர் படைப்பு, உரிமை எல்லாம் அசல் நிறுவனத்துக்கே என்று குறிப்பில் எழுதியிருந்தேனே?

பெயர் சொல்லி நன்றி கூறுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது. இன்னும் சொல்லப்போனால், அந்த வரியிலுள்ள நிறுவனப் பெயரே தேடலில் சிக்கவைத்துவிடும். எதை ஒட்டிச் செய்தது என்று நீங்களே எழுதி ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும்.

நியாயப் பயன்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அதை வைத்து வாதாடலாமா?

அமெரிக்காவில் அதற்குச் சட்டம் உண்டு. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சில குறிப்பிட்ட பயன்பாடுகளுக்கு இடம் தருகிறது. இரண்டுமே நீதிமன்றத்தில் எடுபடும் வாதங்கள். தளம் நீதிமன்றம் கிடையாது.

ஒரு வழக்கைப் பாருங்கள். கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் ஹம்வீ என்ற ராணுவ வண்டிகளைக் காட்டியதற்காக, அந்த வண்டியைத் தயாரிக்கும் ஏ.எம். ஜெனரல் நிறுவனம், விளையாட்டை வெளியிட்ட ஆக்டிவிஷன் மேல் வணிகச்சின்ன வழக்குப் போட்டது. நிஜத்தைக் காட்டுவது கலை உரிமை என்று 2020-இல் நீதிபதி ஆக்டிவிஷனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆனால் ஆக்டிவிஷனிடம் வழக்கு நடத்தப் பணம் இருந்தது. அதே ஹம்வீயை நீங்கள் பெயரோடு செய்து ஏற்றினால், தளம் உங்களுக்காக அந்தச் சண்டையைப் போடாது. சட்டம் அனுமதிப்பதையும் மறுக்கத் தளத்துக்கு உரிமை இருக்கிறது, அதற்கு நீங்கள் சம்மதித்துத்தான் கணக்குத் தொடங்கியிருக்கிறீர்கள். வருத்தமான விஷயம்தான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் அப்பீலில் சட்டப் பிரிவுகளை அடுக்கி நேரத்தைச் செலவழிக்க மாட்டீர்கள்.

ஒரு விளையாட்டின் ஐடியாவை எடுத்துச் செய்வதும் மீறலா?

ஓடு, ஒளிந்துகொள், கோபுரம் கட்டு, எதிரியை அடக்கு என்ற விதிமுறைகளுக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது. அவற்றைக் காட்டும் விதத்துக்குக் கேட்கலாம். டெட்ரிஸ் நிறுவனம் ஸியோ (Xio) நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டது: துண்டுகள் விழுவது, வரி நிறைந்தால் மறைவது ஆகிய விதிகள் எல்லோருக்கும் பொது, துண்டுகளின் தோற்றம், 20க்கு 10 கட்டம் கொண்ட ஆடுகளம் போன்றவற்றை அப்படியே எடுத்தது மீறல்.

ஆகவே கேம் மறுக்கப்பட்டால் உள்ளே இருக்கும் நிரலை மாற்றுவதற்கு முன், தலைப்பு, ஐகான், தம்ப்நெயில், விளக்கக் குறிப்பு ஆகிய நான்கையும் பாருங்கள். பிரபலமான கேமின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிய தலைப்பும், அதே எழுத்துருவில் ஐகானும் வைத்துவிட்டு உள்ளே முழுக்கச் சொந்தமாகச் செய்த மேப்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை, வாசலிலேயே மாட்டிக்கொள்கிறது.

6 விநாடிக்குக் குறைவாக வெட்டினால் எந்தப் பாட்டையும் போடலாம் என்கிறார்களே?

இல்லை. அந்த 6 விநாடிக் கதை வந்த வழி இது. 2021 ஜூனில் அமெரிக்க இசை வெளியீட்டாளர்கள் சங்கம் ரோப்லாக்ஸ் மேல் குறைந்தது 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. செப்டம்பரில் சமரசம் ஆனது. 2022 மார்ச்சில் ரோப்லாக்ஸ், 6 விநாடிக்கு மேற்பட்ட ஒலிகளைப் பொதுவில் எல்லோரும் பயன்படுத்த முடியாதபடி மாற்றியது. லட்சக்கணக்கான கேம்களில் இசை நின்றுபோனது அப்போதுதான். 6 விநாடி என்பது எது பொது, எது தனிப்பட்டது என்று பிரிக்கத் தளம் போட்ட கோடு. பதிப்புரிமையில் இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஒரு விதி எங்குமே கிடையாது. ஒரு விநாடிகூட ஓடாத, ரோப்லாக்ஸின் அடையாளமாகவே இருந்த ‘ஊஃப்’ சத்தத்தையே உரிமச் சிக்கலால் 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அது 2000-இல் வந்த மெசையா என்ற விளையாட்டிலிருந்து வந்த ஒலி.

தமிழ்ப் பாட்டு போடும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. பாரதியார் வரிகள் பொதுச்சொத்து. ஆனால் அவற்றுக்குப் போட்ட மெட்டு இசையமைப்பாளருடையது, நீங்கள் வெட்டி எடுத்த ஒலிப்பதிவு கம்பெனியுடையது. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. அது இங்கே முடிந்துவிட்டாலும் அமெரிக்காவில் முடிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வரியை நீங்களே சொந்த மெட்டில் பாடி ஏற்றினால் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

ஏன் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

எண்ணிக்கை ஒரு காரணம். நாளுக்கு இத்தனை ஆயிரம் படம், ஒலி வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் மனிதர் உட்கார்ந்து எழுதுவதில்லை. எது சிக்கியது என்று சொன்னால் ஏமாற்றுபவர்கள் அதை மட்டும் மாற்றி ஏற்றுவார்கள் என்ற பயம் இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: 1998-இல் வந்த அமெரிக்காவின் டி.எம்.சி.ஏ. சட்டப்படி, புகார் வந்ததும் விரைவாக நீக்கும் தளத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. நீக்காமல் விட்டால் ஆபத்து. அநியாயமாக நீக்கிவிட்டால் தளத்துக்கு இழப்பு ஏதும் இல்லை. எனவே சந்தேகம் என்றால் நீக்குவதுதான் அவர்களுக்கு லாபம்.

இதெல்லாம் விளக்கம்தான், நியாயம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. படத்தில் இந்த மூலை, ஒலியில் இந்த நேரம், தலைப்பில் இந்தச் சொல் என்று சுட்டிக்காட்டுவதால் ஏமாற்றுக்காரருக்குக் கிடைக்கும் உதவியைவிட, நேர்மையாகக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்குக் கிடைக்கும் உதவி அதிகம். 2008 இறுதியில் லிட்டில் பிக் பிளானட் என்ற விளையாட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே, ஆட்கள் கட்டிய லெவல்கள் காரணம் சொல்லாமல் காணாமல் போயின என்று பெரிய கூச்சல் எழுந்தது. இவ்வளவு காலம் கழித்தும் அதே குறை இருக்கிறது என்றால் முயற்சி போதவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்பீல் எப்படி எழுத வேண்டும்?

சுருக்கமாக, எளிய ஆங்கிலத்தில். படிப்பவருக்கு உங்கள் வேலையைப் பார்க்கச் சில விநாடிகள்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். என்ன படைப்பு, எதை நீங்களே செய்தீர்கள், எந்த மென்பொருளில், எதை வெளியிலிருந்து எடுத்தீர்கள், அதற்கு என்ன உரிமம், இவ்வளவு போதும். இந்த அளவுக்கு: ‘இந்தச் சட்டையிலுள்ள புலித் தலையை கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் நானே வரைந்தேன். லேயர்களோடு அசல் கோப்பு என்னிடம் இருக்கிறது. எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைப்பது. வேறு நிறுவனச் சின்னம் இதில் எதுவும் இல்லை. எந்தப் பகுதி பொருந்துகிறது என்று தெரிவித்தால் மாற்றித் தருகிறேன்.’ கடைசி வரி முக்கியம். சண்டைக்கு வரவில்லை, சரிசெய்யத் தயார் என்று அது காட்டுகிறது.

திட்டக்கூடாது, ஒரே அப்பீலைத் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடாது. மறுக்கப்பட்டதையே நிறம் மாற்றி, திருப்பிப் போட்டு, வேறு கணக்கிலிருந்து ஏற்றிப் பார்ப்பது இருப்பதிலேயே மோசமான யோசனை. தெரியாமல் செய்த தவறு அந்த நிமிடத்திலிருந்து ஏமாற்று வேலையாகப் பார்க்கப்படும், போவது ஒரு சட்டை இல்லை, மொத்தக் கணக்கு.

ஆதாரம் என்றால் எதை வைத்திருக்க வேண்டும்?

லேயர் உள்ள கோப்பு, பிளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்) கோப்பு, பாதி வேலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள், தேதியோடு. வெளியிலிருந்து எதையாவது எடுத்தால், எடுத்த அன்றே உரிமப் பக்கத்தைப் படம் பிடித்துச் சேமியுங்கள், பின்னால் அந்தப் பக்கம் மாறலாம். ‘இலவசம்’ என்று போட்டிருந்தாலும் உரிமத்தைப் படியுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால், ரோபக்ஸில் (ரோப்லாக்ஸின் உள் நாணயம்) விலை வைத்த பொருளில் அதைச் சேர்க்க முடியாது. ஏ.ஐ. மூலம் முழுவதும் உருவாக்கிய படம் என்றால் நிலைமை பலவீனம்: அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மனிதப் படைப்பாற்றல் இல்லாததற்கு உரிமை தருவதில்லை.

இந்தப் பழக்கம் கூட்டாக வேலை செய்பவர்களுக்கு இன்னும் அவசியம். கவுன்டர் ஸ்டிரைக்கில் ஒர்க்‌ஷாப் வழியாக வந்த எம்4ஏ4 ஹவுல் என்ற துப்பாக்கி ஸ்கின்னின் ஓவியம் வேறொருவருடையது என்று 2014-இல் தெரியவந்தது. விளையாட்டின் நிறுவனமான வால்வ் படத்தையே மாற்றி, அனுப்பியவர்களை ஒர்க்‌ஷாப்பிலிருந்து தடை செய்தது. கூட்டாளி தரும் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

வெளியார் டி.எம்.சி.ஏ. புகார் கொடுத்திருக்கிறார். எதிர் அறிவிப்பு அனுப்பலாமா?

அப்பீல் மாதிரி நினைத்து இதை அனுப்பாதீர்கள். இது சட்ட ஆவணம். தவறுதலாக நீக்கப்பட்டது என்று பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி கொடுக்கிறீர்கள். உங்கள் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் புகார் கொடுத்தவருக்குப் போகும். மதுரையில் இருந்தாலும் சரி, யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் சரி, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக எழுத வேண்டும். அனுப்பிய பிறகு, எதிர்த்தரப்பு வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் படைப்பைத் திருப்பி வைக்க வேண்டும்.

படைப்பு முழுக்க உங்களுடையது, ஆதாரமும் இருக்கிறது என்றால் பயப்படாமல் அனுப்புங்கள். பொய்ப் புகார்கள் உண்மையிலேயே வருகின்றன. தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பெரிய நிறுவனங்களும் தவறும்: சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டில் ஆட்கள் தங்கள் பாத்திரங்களை அப்படியே உருவாக்குகிறார்கள் என்று 2004-இல் மார்வெல் வழக்குப் போட்டபோது, ஆதாரமாகக் காட்டிய படங்களில் சில மார்வெல் தரப்பே அந்த விளையாட்டுக்குள் உருவாக்கியவை என்று தெரிந்து நீதிபதி அவற்றை நீக்கினார். ஆனால் உங்கள் படைப்பில் ஒரு சிறு பகுதி வேறொருவருடையது என்றாலும் எதிர் அறிவிப்பு வேண்டாம். அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

புகார் வணிகச்சின்னம் பற்றியது என்றால் இந்த வழியே கிடையாது. டி.எம்.சி.ஏ. பதிப்புரிமைக்கு மட்டும்தான். அங்கே புகார் கொடுத்தவரிடம் நேரடியாக எழுதிப் பேசுவதுதான் வழி.

இந்தியாவில் இருந்துகொண்டு வேறு எங்காவது முறையிட முடியுமா?

முடியும். 2021-ஆம் ஆண்டு ஐ.டி. விதிகளின்படி இங்கே சேவை தரும் தளங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் பதில் திருப்தி தராவிட்டால், மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் இணையத்திலேயே மனுச் செய்யலாம். ஒரு சட்டைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். வருமானம் வரும் கணக்கே போய்விட்டது என்றால் தயங்காமல் போங்கள்.

என் மகனுக்கு இப்படி ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. போலீஸ், கேஸ் என்று ஆகுமா?

ஒரு படம் நிராகரிக்கப்பட்டதால் வழக்கு எதுவும் வந்துவிடாது. அது தளத்துக்குள் நடந்த ஒரு நடவடிக்கை, அவ்வளவுதான். பிள்ளையைத் திட்டி லேப்டாப்பைப் பிடுங்குவதற்கு முன், அவன் என்ன செய்தான் என்று உட்கார்ந்து கேளுங்கள். மூன்று பரிமாணத்தில் ஒரு பொருளைச் செய்து உலகத்தின் முன் வைத்திருக்கிறான், அது சாதாரணத் திறமை இல்லை. அப்பீலை நீங்கள் படித்துப் பார்த்து அனுப்ப உதவுங்கள். எதிர் அறிவிப்பு போன்ற சட்ட ஆவணம் என்றால் அவன் பெயரில் தனியாக அனுப்ப விடாதீர்கள், பெற்றோராக நீங்கள் முன்னின்று, முடிந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பிடித்த தொடரின் பாத்திரத்தை வைத்து முறையாகச் செய்ய வழியே இல்லையா?

இப்போது கொஞ்சம் இருக்கிறது. 2025 ஜூலையில் ரோப்லாக்ஸ் உரிமம் வாங்கும் வசதி ஒன்றைத் திறந்தது. நெட்ஃபிலிக்ஸ், லயன்ஸ்கேட், சேகா, கோடான்ஷா ஆகியவை முதலில் சேர்ந்தன. ஸ்குவிட் கேம் போன்றவற்றுக்குப் படைப்பாளிகள் விண்ணப்பித்து, வருமானத்தில் பங்கு கொடுத்துச் செய்யலாம். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, தகுதி வரம்புகள் உண்டு. ஆனாலும் ஒளித்து ஒளித்துச் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பணம் கட்டினால் படைப்பைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு மெயில் வந்திருக்கிறது.

மோசடி. அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். நீங்களே தளத்துக்குள் நுழைந்து, கணக்கின் அறிவிப்புகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். யார் கேட்டாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.